பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கும் உறவினரிடம் வீட்டுப் புதுப்பிப்பு வேலையை ஒப்படைக்கலாமா?

கேள்வி: எனக்கு 55 வயது. தஞ்சாவூரில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 2001-இல் பணியில் சேர்ந்ததால் ஜிபிஎஃப் (அரசு ஊழியர் சேமநிதி) கணக்கு உண்டு. நாங்கள் குடியிருக்கும் 1992-இல் கட்டிய வீடு என் கணவர் பெயரில் இருக்கிறது. மாடித் தளம் ஒழுகுகிறது, இரண்டு குளியலறைச் சுவர்களிலும் ஓதம் ஏறிவிட்டது. அவற்றைச் சரிசெய்வதோடு பழைய வயரிங்கை மாற்றி, சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டு, புதிய மாடுலர் கிச்சனும் அமைக்க விரும்புகிறோம். கணவருக்கு உறவுமுறையான ஒரு ஒப்பந்ததாரர் மொத்தமாக 8.75 லட்சம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, பாதியை ரொக்கமாக முன்பணம் கேட்கிறார். மற்றொருவர் எட்டுப் பக்க மதிப்பீட்டில் 10.80 லட்சமும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் என்கிறார். வங்கியில் 7 லட்சம் வைப்புநிதி இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் மகளுக்குத் திருமணம் செய்ய வேண்டும். ஜிபிஎஃப்-இலிருந்து எடுக்கலாமா, கடன் வாங்கலாமா? உறவினரிடம் ஒப்பந்தம் எழுதக் கேட்டால் மனம் கோணுவாரோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு மதிப்பீடுகளையும் வரிவரியாக வைத்துப் பார்த்தேன். பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு முன்னால், எவ்வளவு பணம், எந்த வரிசையில், எந்த வேலை முடிந்த பிறகு கைமாறப் போகிறது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வட்டியில் ஓரிரு விழுக்காடு மிச்சப்படுத்துவதைவிட, செய்யாத வேலைக்குப் பணம் கொடுத்துவிடாமல் இருப்பதுதான் இத்தகைய செலவில் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது.

முதலில் அந்த இரண்டு லட்சம் ரூபாய் வித்தியாசத்தைப் பார்ப்போம். உங்கள் உறவினரின் தாளில் ‘தளம் ஒழுகல் சரிசெய்தல்’ என்று மட்டும் இருக்கிறது. பழைய தட்டோட்டைப் பெயர்த்து அப்புறப்படுத்துவது, இடித்த கற்குப்பையை வண்டியில் ஏற்றி அனுப்புவது, குளியலறைத் தரையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசுவது, வயர், சுவிட்சு, குழாய்கள் ஆகியவற்றின் தரம், சுவருக்குப் பட்டி பார்ப்பது ஆகிய எதுவும் அதில் இல்லை. இரண்டாமவர் இவற்றுக்குத் தனித்தனியாகப் போட்டிருக்கும் விலைகளைக் கூட்டினால் ஏறத்தாழ 1.80 லட்சம் வருகிறது. அதைச் சேர்த்தால் முதலாமவரின் தொகை 10.55 லட்சம் ஆகிவிடுகிறது. அவர் உங்களை ஏமாற்ற நினைக்கிறார் என்று நான் சொல்லவில்லை. பாதி வேலையில் ‘இது நம் பேச்சில் இல்லையே’ என்று அவர் நேர்மையாகவே சொல்லக்கூடும், அப்போது இடித்த வீட்டுக்குள் நின்றுகொண்டு மறுக்க உங்களால் முடியாது. எனவே அதே எட்டுப் பக்கத் தலைப்புகளை, விலைகளை மட்டும் நீக்கிவிட்டு, உறவினரிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் அவருடைய விலையை எழுதித் தரச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் இருவரையும் ஒப்பிட முடியும்.

ஜிஎஸ்டியைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு உட்பட்டிருக்கும் சேவையாளர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகையால் உறவினர் பதிவு செய்யாமலிருப்பது குற்றமாகாது, ஆனால் அவர் உங்களிடம் வரி என்று எதையும் வாங்கவும் கூடாது. இரண்டாமவர் பொருளும் கூலியும் சேர்ந்த வேலைக்கு 18 விழுக்காடு வரி வாங்குவது முறையானதே. அவருடைய பதிவு எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் உள்ளிட்டு, அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மதிப்பீட்டிலுள்ள சிமென்ட், டைல்ஸ், குழாய் விலைகள் கடையில் கட்டும் வரியையும் உள்ளடக்கியவையா? பதிவு பெற்றவர் கடையில் கட்டிய வரியைத் தம் வரியில் கழித்துக்கொள்ள முடியும் என்பதால், வரியோடு கூடிய கடை விலையை எழுதி அதன் மேல் மீண்டும் 18 விழுக்காடு போட்டிருந்தால், நீங்கள் ஒரே வரியை இரண்டு முறை சுமக்கிறீர்கள். இதைக் கேட்டாலே மதிப்பீடு குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாக, அந்தச் சுவர். 1992-ஆம் ஆண்டு வீடு என்பதால், தூண்களின் மேல் நிற்காமல் சுவர்களின் மேலேயே தளம் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால் அது தளத்தைத் தாங்கும் சுவர் என்றே கொள்ள வேண்டும். இருவரில் எவரும் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்குக் கவலை தருகிறது. ஒப்பந்ததாரரோடு தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துத் தளத்தையும் சுவரையும் பார்க்கச் சொல்லுங்கள். தளத்தின் அடியில் கம்பி துருப்பிடித்துக் காரை உப்பியிருக்கிறதா என்பதையும் அவர் சொல்வார். அப்படி உப்பியிருந்தால் மேலே எந்தப் பூச்சு பூசினாலும் அந்தச் செலவு வீணாகும். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயை இந்த முழுச் செலவிலும் மிகப் பயனுள்ள தொகையாகக் கருதுகிறேன்.

உள்வேலைகளைச் செய்யும் வீட்டு ஒப்பந்ததாரர் இன்ன தகுதிச் சான்று வைத்திருந்தே ஆக வேண்டும் என்ற நடைமுறை நம்மிடம் இல்லாததால், அந்தச் சோதனையை வீட்டுக்காரர்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இருவரிடமும் தலா இரண்டு முகவரிகள் வாங்குங்கள்: இரண்டு மழைக்காலத்தைக் கடந்துவிட்ட ஒரு வீடு, இப்போது வேலை நடந்துகொண்டிருக்கும் ஒரு வீடு. முதல் வீட்டில் குளியலறைக்குக் கீழ்ப்புறத்துக் கூரையையும் மறுபக்கச் சுவரையும் பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் ‘வேலை நன்றாக இருந்ததா’ என்று கேட்காமல், ‘பேசிய தொகைக்கு மேல் எவ்வளவு கொடுத்தீர்கள், வேலை முடிந்த பிறகு கூப்பிட்டால் வந்தாரா’ என்று கேளுங்கள். இரண்டாவது வீட்டுக்குச் சொல்லாமல் செல்லுங்கள். புதிதாகப் பூசிய சுவரைத் தண்ணீர் ஊற்றி நனைத்துவருகிறார்களா, சிமென்ட் மூட்டைகள் தரை ஈரம் படாமல் பலகை மேல் அடுக்கியிருக்கின்றனவா, ஒப்பந்ததாரர் இல்லாத நேரத்தில் வேலையைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி யார் என்பதெல்லாம் அங்கே பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மின்வேலைக்கு மட்டும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் தேவை, அந்த உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள், ஏனெனில் உங்கள் மாடியிலிருந்து ஒருவர் விழுந்தால் அந்தத் துயரத்தோடு பொறுப்பும் உங்கள் வாசலுக்கு வரும்.

இனி முன்பணத்துக்கு வருகிறேன். பாதித் தொகையை முன்பணமாகக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பத்து விழுக்காடு போதும், பொருள் வாங்கவென்று கேட்டால் கடைக்கு நேரடியாக நீங்களே பணம் செலுத்தி ரசீதை உங்கள் பெயரில் வாங்கிக்கொள்ளலாம். உறவினரிடம் இதை எப்படிச் சொல்வது என்ற தயக்கத்துக்குச் சட்டமே ஒரு வழி தருகிறது. ஒரு பரிவர்த்தனைக்காக ஒருவர் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது, தவணையாகப் பிரித்து வாங்கினாலும் அது ஒரே வேலைக்கானதுதான், வாங்கியவருக்கு அந்தத் தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க முடியும். ‘உங்களுக்குச் சிக்கல் வரக்கூடாது என்பதால் வங்கி வழியாகவே தருகிறோம்’ என்று நீங்கள் சொன்னால் அது உண்மையும் ஆகும், மரியாதையும் ஆகும். ஒப்பந்தத்தையும் அப்படியே, ‘கடன் கொடுக்கும் வங்கி கேட்கும்’ என்று சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். புதுப்பிப்புக் கடனுக்கு மதிப்பீட்டை வங்கி கேட்கும் என்பதால் அதிலும் பொய் இல்லை.

என் தாயார் வீட்டில் இந்தத் தயக்கத்துக்கு நாங்கள் விலை கொடுத்திருக்கிறோம். குடும்பத்துக்குத் தெரிந்தவர் என்பதால் எதையும் எழுதாமல், சனிக்கிழமைதோறும் ‘ஆட்களுக்குப் பட்டுவாடா’ என்று அவர் கேட்டபோதெல்லாம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று கொடுத்துவந்தோம். பாதி வேலை முடிந்தபோது பேசிய தொகையில் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது. அதன் பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், நாங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். சனிக்கிழமைக் கூலி நியாயமான தேவைதான், அந்த ஆட்கள் அதை நம்பித்தான் வீட்டுக்குப் போகிறார்கள். அதை மறுக்காமல், நடந்துகொண்டிருக்கும் கட்டத்துக்கு ஒதுக்கிய தொகைக்குள் மட்டும் கொடுத்து, ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கட்டத் தொகை தீர்ந்துவிட்டால் அந்தக் கட்ட வேலை முடியும் வரை மேற்கொண்டு கொடுக்க வேண்டாம்.

கட்டங்களை உங்கள் வீட்டுக்கு ஏற்ப இப்படி வைத்துக்கொள்ளலாம்: மாடித் தளம் முடிந்து, தண்ணீர் தேக்கி இரண்டு நாள் நிறுத்தி, அடியில் கசிவில்லை என்று பார்த்த பிறகு ஒரு தொகை. சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய்களை, பூசி மூடுவதற்கு முன் நீரழுத்தம் கொடுத்துச் சோதித்து, மின்குழாய்களையும் சேர்த்துக் கைபேசியில் படமெடுத்த பிறகு ஒரு தொகை. குளியலறைகளில் டைல்ஸுக்கு முன் அதே தண்ணீர்ச் சோதனை முடிந்த பிறகு ஒன்று. டைல்ஸ், வண்ணம், மின்பொருத்திகள் முடிந்த பிறகு ஒன்று. கடைசியாக ஐந்து விழுக்காட்டை நிறுத்தி வையுங்கள். தை பிறந்ததும் தொடங்கினால் சித்திரை, வைகாசிக்குள் வேலை முடிந்துவிடும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தளம் தாங்கிய பிறகு அந்தத் தொகையைக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இடையில் கூடுதல் வேலை எதுவானாலும் விலையை எழுதிக் கையெழுத்தான பிறகே தொடங்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

பணத்துக்கு வருவோம். மாடுலர் கிச்சனுக்கும் சுவர் இடிப்புக்கும் இரண்டாமவர் போட்டிருக்கும் 2.20 லட்சத்தைத் திருமணத்துக்குப் பிறகு என்று தள்ளி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒழுகும் தளமும் பழைய வயரிங்கும் காத்திருக்காது, சமையலறை காத்திருக்கும். மீதி 8.60 லட்சம், வரியோடு ஏறக்குறைய 10.15 லட்சம். பழைய வீட்டை இடித்தால் எதிர்பாராதது வெளிப்படும் என்பதால் 1 லட்சம் ஒதுக்கினால், மொத்தம் சுமார் 11 லட்சம். வைப்புநிதியில் 2 லட்சத்தை அவசரத்துக்கு நிறுத்திக்கொண்டு 5 லட்சத்தை எடுங்கள். 7 விழுக்காடு வட்டி தந்தாலும், 15 விழுக்காடு வரி வரம்பில் இருக்கும் உங்களுக்கு அது கையில் 6 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நிற்கிறது. அதைக் கலைத்துக் கடனைக் குறைப்பதே சரி.

மீதி 6 லட்சத்துக்கு ஜிபிஎஃப்பா, கடனா? வெறும் கணக்கில் ஜிபிஎஃப் மலிவு, அது தருவது 7.1 விழுக்காடு, கடன் அதைவிடக் கூடுதல். ஆனாலும் அதைத் தொட வேண்டாம் என்கிறேன். திருமண நேரத்தில் உங்களுக்குக் கைகொடுக்கப் போவது அந்தக் கணக்குதான், அதை இப்போது எடுத்துவிட்டால் அப்போது தனிநபர் கடனுக்குப் போக நேரும். வீட்டின் பேரில் வாங்கும் புதுப்பிப்புக் கடன் 9 விழுக்காட்டில் ஐந்து ஆண்டுக்குக் கிடைத்தால் மாதத் தவணை சுமார் 12,455 ரூபாய், மொத்த வட்டி 1.47 லட்சம். அதே தொகை 14 விழுக்காட்டுத் தனிநபர் கடனாக இருந்தால் தவணை 13,960, வட்டி 2.38 லட்சம். ஐந்து ஆண்டு என்பது நீங்கள் 60 வயதில் ஓய்வு பெறுவதோடு முடியும், அதைத் தாண்டி நீட்ட வேண்டாம். வீடு கணவர் பெயரில் இருப்பதால் அவரும் கடனில் சேர வேண்டும். மாறும் வட்டியில் வாங்கினால் முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது. முதலில் வைப்புநிதியைச் செலவழித்துவிட்டுக் கடனைக் கட்டம் கட்டமாக எடுத்தால், எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி ஓடும்.

வரிச்சலுகையை எதிர்பார்த்து இந்தக் கடனை வாங்க வேண்டாம். குடியிருக்கும் வீட்டின் புதுப்பிப்புக் கடன் வட்டிக்குப் பழைய வருமான வரி முறையில் மட்டும், ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு, அதுவும் வீட்டு உரிமையாளருக்கே. அசலுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ரசீதுகளை ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் வீட்டை விற்க நேர்ந்தால், வண்ணம் பூசுவது போன்ற பராமரிப்பைத் தவிர்த்து, வீட்டை மேம்படுத்தச் செய்த செலவை அதன் அடக்கவிலையோடு சேர்த்து மூலதன ஆதாய வரியைக் குறைக்க முடியும்.

வேலையில் குறை நேர்ந்து பேச்சில் தீரவில்லை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 50 லட்சம் வரை கொடுத்த வேலைகளை அது விசாரிக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் வழி கேட்கலாம். வீடு வாங்குவோருக்கான ரெரா இத்தகைய உள்வேலைக்குப் பொருந்தாது. ஆணையத்தில் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒப்பந்தமும், வங்கி வழிப் பணப் பதிவும், சுவரை மூடுவதற்கு முன் எடுத்த படங்களும்தான்.

உறவினர் எட்டுப் பக்கத்துக்கும் விலை எழுதி, பத்து விழுக்காடு முன்பணத்துக்கும் கட்டக் கணக்குக்கும் சம்மதித்தால், அவர் செய்த பழைய வீடுகளும் திருப்தி தந்தால், அவருக்கே கொடுங்கள். தெரிந்தவர் என்பது அப்போது உங்களுக்கு உண்மையான பலம். மறுத்தால் இரண்டாமவரிடம் போங்கள். எப்படியானாலும் பொறியாளர் வந்து தளத்தைப் பார்த்துச் சொல்லும் வரை இருவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.