ஏழடி மேசையா, ஒன்பதடி மேசையா? முதலில் துணியைப் பாருங்கள்

பாவனையாளர் கேள்வி–பதில்

கேள்வி: கல்லடியில் எங்கள் இளைஞர் கழகத்துக்குப் பழைய பூல் மேசை ஒன்று வாங்கப் பணம் சேர்த்திருக்கிறோம். பார்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று ஏழடி, புதுத் துணி போட்டது. மற்றது ஒன்பதடி, துணி மிகப் பழையது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளைப் பந்துக்கு நேர் வழி அடைபட்டிருக்கும்போது அதை மேசை ஓரத்து ரப்பர் குஷன்கள் இரண்டு, மூன்றில் மோதவிட்டுக் குறிப்பந்தை அடையும் கிக் ஷாட்டில்தான் இங்குள்ளவர்களுக்குப் பிரியம். ஏழடி மேசையில் பழகினால் ஒன்பதடியில் அந்தக் கணக்கு பலிக்காது என்கிறார் எங்களில் மூத்தவர் ஒருவர். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் மேசையில் எங்கள் அடிகள் வரிசையாகத் தவறியதும் உண்மை. அளவுதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. குற்றவாளி துணி, உடந்தை உங்கள் கை.

அளவை எடுத்துக்கொள்வோம். மேசையின் அடிக்கணக்கு மரச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லப்படுவது. ஆடுகளத்தை ஒரு குஷனின் நுனியிலிருந்து எதிர்க் குஷனின் நுனிவரை அளக்க வேண்டும். அப்படி அளந்தால் ஒன்பதடி மேசை 100க்கு 50 அங்குலம், எட்டடி 88க்கு 44, ஏழடி 78க்கு 39 அல்லது 76க்கு 38 வரும். எல்லாவற்றிலும் நீளம் அகலத்தைப் போல இரு மடங்கு. சட்டத்தில் பதித்திருக்கும் டயமண்ட் புள்ளிகள் நீளத்தை எட்டாகவும் அகலத்தை நான்காகவும் பிரிக்கின்றன. ஒன்பதடியில் புள்ளிக்குப் புள்ளி 12.5 அங்குலம், 78 அங்குல ஏழடியில் 9.75. தூரம் மாறுகிறது, கோணம் மாறவில்லை. ஆகவே புள்ளிகளை எண்ணி அடிப்பவரின் கணக்கு எந்த மேசைக்கும் கூடவே வரும். இதனால்தான் அளவு நாடாவைக் கையில் கொண்டு போகச் சொல்கிறேன். நீளம் அகலத்தின் இரு மடங்காக இல்லாத மேசை என்றால், விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பிவிடுங்கள். அதில் பழகும் கிக் ஷாட் அந்த ஒரு மேசைக்கு மட்டுமே உதவும்.

இனிக் கை. ஒன்பதடியில் அடிக்கும் அதே வேகத்தில் ஏழடியில் அடித்தால், பந்து உருளத் தொடங்குமுன், இன்னும் வழுக்கிக்கொண்டே அடுத்த குஷனைத் தொட்டுவிடும். கோணம் பிசகும். பழி மேசையின் மேல் விழும். பந்து வழுக்கும் தூரமும் உருண்டு ஓடும் தூரமும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே கூடிக் குறைகின்றன. எனவே ஒன்பதடியிலிருந்து ஏழடிக்கு வருபவர் வேகத்தை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைத்தால், பந்தின் பாதை அதே வடிவத்தில் சுருங்கி அமையும். மாறாமல் நிற்பது பந்தின் பருமன். 2¼ அங்குலப் பந்து சிறிய மேசையில் ஒப்பளவில் பெரிய இலக்கு. அதனால் கிக் ஷாட் அங்கே சற்று எளிதில் படும். அதே காரணத்தால், நடுவில் வேறு பந்துகள் குறுக்கிடும் வாய்ப்பும் அங்கே கூடுதல். உங்கள் மூத்தவர் சொல்வதில் உண்மை இருப்பது இந்த அளவுக்குத்தான்.

துணியின் கதை வேறு. குஷனின் மேலும் அதே துணிதான் போர்த்தப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதுத் துணி வழுக்கும். பக்கச் சுழற்சி இல்லாமல் சாய்வாக வரும் பந்தைக் குஷன் பிடித்து நிறுத்தாது. பந்து அகலமாகத் திரும்பி, எண்ணிய இடத்தைத் தாண்டிப் போகும். பழைய, தூசி படிந்த துணி பந்தைப் பிடிக்கும். பந்து கூர்மையாகத் திரும்பி முன்னதாகவே வந்து சேரும். சுழற்சி கொடுத்து அடித்தால் நிலைமை இன்னும் சிக்கல். வழுக்கும் துணியில் முதல் குஷன் சுழற்சியைத் தின்றுவிடுவதில்லை. மிச்சம் இரண்டாவது, மூன்றாவது குஷனில் வேலை செய்யும். பிடிக்கும் துணியிலோ முதல் குஷனிலேயே பெரும்பகுதி செலவாகிவிடும். அதற்கு மேல், மந்தமான துணியில் பந்தை மூன்று குஷன் ஓட்டப் பலமாக அடிக்க வேண்டும். பலமாக மோதினால் ரப்பர் அதிகம் அமுங்கி, கோணம் இன்னும் குறுகும். ஒரு குஷனில் விரலகலம் பிசகுவது மூன்றாவது குஷனில் சாணகலம் ஆகும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைப் பந்தை மூலைப் பொக்கெட்டின் வாயருகே வையுங்கள். எதிர் நெடும் பக்கத்தில், தொலைவு முனையிலிருந்து எண்ணி மூன்றாவது புள்ளியை நோக்கி, பந்து ஓடும் திசைக்கு இசைந்த மிதமான சுழற்சியுடன் அடியுங்கள். அது குறும் பக்கத்தில் பட்டு, நீங்கள் நிற்கும் நெடும் பக்கத்தில் தொலைவு முனையிலிருந்து இரண்டாவது புள்ளியின் பக்கமாக வர வேண்டும். பந்து புறப்படும் மூலைக்கு ஐந்து என்று இலக்கமிட்டு, ஐந்திலிருந்து மூன்றைக் கழித்தால் இரண்டு என்ற பழைய கணக்கு இது. சற்று முன்பின்னாக வந்தால் கவலையில்லை. அடிக்கடி அதே இடத்துக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. நான்கு மூலைகளிலிருந்தும் அடித்துப் பாருங்கள். ஒரு மூலையிலிருந்து மட்டும் வேறுவிதமாக வந்தால், அந்தப் பக்க ரப்பர் செத்திருக்கலாம், அல்லது மேசை சரிந்திருக்கலாம். நீளவாட்டில் பலமாக அடித்த பந்து நான்கு, நான்கரை நீளம் ஓடினால் ரப்பர் உயிரோடு இருக்கிறது.

உங்கள் இரண்டு மேசைகளில் நான் ஏழடியைத்தான் எடுப்பேன், ஒரு நிபந்தனையோடு: புதுத் துணி குஷன்களிலும் போடப்பட்டிருக்க வேண்டும். தளத்துக்கு மட்டும் புதுசு போட்டு, குஷனில் பழையதை விட்டுவைக்கும் விற்பனையாளர்கள் உண்டு. அந்த மேசையில் உருளல் ஒரு விதம், திரும்பல் இன்னொரு விதம். கிக் ஷாட் பழக அதைவிட மோசமான மேசை கிடையாது. இன்னொன்று, 58 அங்குலக் கோலைத் தடையின்றி வீச ஒன்பதடி மேசைக்கு 18க்கு 14 அடி அறை வேண்டும். கழக அறையை அளந்துவிட்டீர்களா?

கேள்வி: காத்தான்குடியில் ஒரு கடையில் ‘வேகத் துணி’ என்று ஒன்றைக் காட்டினார்கள். ஸ்னூக்கர் துணியைவிட விலை அதிகம். வித்தியாசம் உண்மையானதா?

பதில்: உண்மையானதுதான். ஸ்னூக்கர் துணியில் ஒரு திசையில் சாய்ந்த மயிர் இருக்கும். உள்ளங்கையால் தடவினால் ஒரு பக்கம் மென்மை, மறுபக்கம் சொரசொரப்பு. மூன்று குஷன் ஓடும் பந்து அந்த மயிரோடும் அதற்கு எதிராகவும் மாறி மாறிப் போகிறது. கணக்கு குழம்பாமல் என்ன செய்யும்? பூல் மேசைக்கான நல்ல துணி மயிரில்லாத, முறுக்கிய கம்பளி நூலில் நெய்தது. பெல்ஜியத்தின் சிமோனிஸ் நிறுவனத்தின் 860 என்ற துணியில் 90 வீதம் கம்பளி, 10 வீதம் நைலோன். 760 இல் கம்பளி 70 வீதம். அது இன்னும் வேகமானது. கடைக்காரரிடம் கலப்பு வீதத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தத் துணிக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

பந்துகளையும் பாருங்கள். 2 அங்குலப் பந்துத் தொகுதி மலிவாகக் கிடைக்கும். ஆனால் குஷன் நுனியின் உயரம் பந்தின் விட்டத்தில் 63.5 வீதம் இருக்க வேண்டும். 2¼ அங்குலப் பந்துக்காக அமைத்த குஷனில் சிறிய பந்து மோதினால் நுனி அதை மேலிருந்து அமுக்கும். திரும்பும் பந்து உயிரில்லாமல் வரும்.

கேள்வி: அக்கரைப்பற்றில் எங்கள் வீட்டு மேசை மாரியில் ஒரு விதமாகவும் கோடையில் வேறு விதமாகவும் ஆடுகிறது. துணிக்குப் பவுடர் போடலாமா?

பதில்: போடாதீர்கள். கரம் பலகைக்குப் பொருந்துவது கம்பளிக்குப் பொருந்தாது; பவுடர் இழைக்குள் இறங்கிக் கட்டியாகிவிடும். கம்பளி காற்றின் ஈரத்தை உறிஞ்சும் நார். வாடைக் காற்றும் மழையுமாக இருக்கும் மாதங்களில் துணி பந்தைப் பிடிப்பதும், கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் அதே துணி ஓட விடுவதும் இயல்பு. மூன்று குஷன் பில்லியர்ட்ஸ் போட்டி மேசைகளில் துணி உலர்ந்திருப்பதற்காகவே, துணிக்கு அடியில் தளமாக இருக்கும் சிலேட் கல்லை அடியிலிருந்து சூடாக்குகிறார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது. கடல் பக்கச் சன்னலை மூடி வையுங்கள், ஆடுமுன் மின்விசிறியை ஓடவிடுங்கள், பந்துகளைத் துடைத்து வையுங்கள். ஈரத்தை உள்ளே அடைக்கும் பிளாஸ்டிக் விரிப்புக்குப் பதிலாகப் பருத்தி விரிப்பு போடுங்கள். மாரியில் இலக்கை அரைப் புள்ளி மாற்றி அடிக்கப் பழகுவது எல்லாவற்றிலும் மலிவான வழி.

கேள்வி: பொத்துவிலில் சிலேட் மேசை என்று சொல்லி ஒரு கடையில் விற்றார்கள். மழையில் நடுப்பகுதி உப்பிவிட்டது. அடியில் பார்த்தால் மரத்தூள் பலகை. என்ன செய்யலாம்?

பதில்: சிலேட் கல் உப்பாது, ஆகவே உங்கள் சந்தேகம் சரிதான். பற்றுச்சீட்டில் ‘சிலேட்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பலகையையும் உப்பிய இடத்தையும் படமெடுத்துக்கொண்டு, முதலில் கடைக்கு எழுத்தில் அறிவியுங்கள். பணமோ மாற்று மேசையோ கிடைக்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். தொலைபேசியில் சொல்லிவிட்டோம் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் வாங்கிய திகதியைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. மூன்று மாதம் நெருங்கியிருந்தால், கடையின் பதிலுக்குக் காத்திராமல் முறைப்பாட்டை இன்றே அனுப்பிவிடுங்கள்.