முட்டை போடாத குக்கீ மாவைப் பச்சையாகச் சாப்பிடலாமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு ஊர் மதுரை. மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக நியூ ஜெர்சி வந்திருக்கிறேன். அவளுக்கு இப்போது ஏழாவது மாதம். பேத்திக்கு நான்கு வயது. குக்கீ சுடுவதற்கு முன் அந்த மாவைக் கரண்டியால் வழித்துச் சாப்பிடுவது இங்கே எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. மகள் அதைப் "பாதுகாப்பாக" செய்கிறேன் என்று, மைதாவைத் தட்டில் பரப்பி 350 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் சூடாக்குகிறாள். ஆறியதும் முட்டை சேர்க்காமல் வெண்ணெய், சர்க்கரை, சாக்லேட் சிப்ஸ் போட்டுப் பிசைகிறாள். பச்சை மாவு வயிற்றுக்கு ஆகாதே என்றேன். "முட்டையே போடலை, மாவையும் சூடு பண்ணியாச்சு, அப்புறம் என்னம்மா பயம்? நீங்க மாவிளக்கு மாவு சாப்பிடலையா?" என்று கேட்கிறாள். எங்கள் இருவரில் யார் சொல்வது சரி?

பதில்: அம்மா, உங்கள் மகள் முட்டையை விட்டது நல்ல காரியம். மாவைச் சூடாக்க வேண்டும் என்று யோசித்ததும் சரியான யோசனைதான். ஆனால் அந்த ஐந்து நிமிட ஓவன் சூட்டை நம்பி, நான்கு வயதுக் குழந்தைக்கும் ஏழு மாதக் கர்ப்பிணிக்கும் அந்த மாவைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

முட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடு உருவாவதற்கு முன்பே, கோழியின் சினைப்பையிலிருந்தே சால்மோனெல்லா கிருமி முட்டைக்குள் போய்விட முடியும். அதனால் ஓட்டை எவ்வளவு கழுவினாலும் பச்சை முட்டை பச்சை முட்டைதான். இது பலருக்கும் தெரிந்திருக்கிறது. முட்டையை விட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் இதனால்தான்.

மாவு நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வெள்ளை வெளேரென்று, காய்ந்து, பாக்கெட்டில் அடைத்து வருவதால் ஏற்கெனவே பக்குவம் செய்த பொருள் போலத் தெரிகிறது. கோதுமை வெட்டவெளியில் விளைகிறது. பறவை, மான், மாடு எதுவும் அந்த வயலில் எச்சமோ சாணமோ போடலாம். ஆலையில் தானியத்தைச் சுத்தம் செய்வார்கள், தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவார்கள், அரைத்துச் சலிப்பார்கள். இதில் எந்த இடத்திலும் வேகவைக்கும் கட்டம் கிடையாது. மாவை வெளுக்கச் சேர்க்கும் ரசாயனமும் கிருமியைக் கொல்வதற்கானது இல்லை. வாங்குகிறவர் வீட்டில் சமைப்பார் என்று நம்பித்தான் அதை விற்கிறார்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. 2009-இல் அமெரிக்காவில் நெஸ்லே நிறுவனத்தின் டோல் ஹவுஸ் குக்கீ மாவைப் பச்சையாகச் சாப்பிட்ட 70-க்கும் மேற்பட்டவர்கள், 30 மாநிலங்களில் ஈ.கோலை ஓ157 கிருமியால் நோயுற்றார்கள். பத்துப் பேருக்குச் சிறுநீரகம் வரை பாதித்தது. அந்த மாவில் இருந்த பொருள்களில் சந்தேகம் கோதுமை மாவின் மேல் விழுந்தது. 2015 கடைசியிலிருந்து 2016 வரை இன்னொரு பரவல். இந்த முறை ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் கான்சஸ் சிட்டி ஆலையில் அரைத்த மாவு. 24 மாநிலங்களில் 63 பேர் நோயுற்றார்கள். நோயாளிகளிடம் கண்ட அதே வகைக் கிருமி மாவிலும் கிடைத்தது. அந்தப் பரவலில் ஒரு விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நோயுற்ற சில குழந்தைகள் அந்த மாவைக் குக்கீக்காகத் தொட்டவர்களே இல்லை. உணவகத்தில் சாப்பாடு வரும்வரை விளையாடட்டும் என்று அவர்கள் கையில் பச்சை மாவு உருண்டை கொடுத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் சப்பாத்தி பிசையும்போது குழந்தை அழுதால் ஒரு உருண்டையைக் கிள்ளிக் கொடுப்போமே, அதே பழக்கம்தான். விளையாடட்டும், ஆனால் வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள்.

சரி, சூடாக்கினால் கிருமி சாகாதா? உங்கள் மகளின் கேள்வியே இதுதான், இதற்குக் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

இணையத்தில் வரும் செய்முறைகள் மாவை 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கச் சொல்கின்றன. இது கோழிக்கறிக்குச் சொன்ன கணக்கு. கறியில் ஈரம் இருக்கிறது. ஈரமான பொருளில் அந்தச் சூட்டில் சால்மோனெல்லா சில நொடிகளில் செத்துவிடும். காய்ந்த மாவில் அதே சூட்டைப் பல நிமிடங்கள் தாங்கி நிற்கும். காய்ந்த விதையை நினைத்துப் பாருங்கள். குதிரில் கிடக்கும் விதைநெல் சித்திரை வெயிலையும் தாங்கி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊறவைத்துவிட்டால் அந்த உறுதி போய்விடும். நீரில்லாத இடத்தில் கிருமியும் அப்படித்தான் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது.

அதோடு, தட்டில் பரப்பிய மாவு ஒரே சீராகச் சூடாவதும் இல்லை. ஓரம் சிவக்கும்போது நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும். கட்டி தட்டிய இடத்தின் உள்ளே இன்னும் குறைவு. தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தால் அந்த ஒரு புள்ளியின் சூடுதான் தெரியும். மைக்ரோவேவ் இதைவிட மோசம், திட்டுத்திட்டாகச் சூடாக்கும். இந்தக் காரணங்களால்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, வீட்டில் மாவைச் சூடாக்கிப் பச்சையாகச் சாப்பிடும் முறையை நம்ப வேண்டாம் என்று சொல்கிறது. தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்த முறையில் சூடாக்கிய மாவு வேறு. கடையில் "சுடாமலே சாப்பிடலாம்" என்று உறையில் அச்சிட்டு விற்கும் குக்கீ மாவு அப்படிப்பட்டது. பேத்திக்கு ஆசையாக இருந்தால் அதை வாங்கித் தரலாம். உறையில் அந்த வரி இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள், பக்கத்து அலமாரியில் சுட்டுத்தான் சாப்பிட வேண்டிய மாவும் அதே நிறத்தில் இருக்கும்.

"நாமும் ரவையை வறுக்கிறோமே" என்று உங்களுக்குத் தோன்றலாம். உப்புமாவுக்கு ரவையை வறுத்தபின் கொதிக்கிற தண்ணீரில் வேகவைக்கிறோம். புட்டு மாவை வறுத்தாலும் ஆவியில் வைக்கிறோம். சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சுகிறோம். வறுப்பது மணத்துக்கு. கிருமியைக் கொல்வது அடுத்து வரும் அந்த ஈரச் சூடு. கடலை மாவு லட்டுக்கு நெய்யில் நிறம் மாறும்வரை, கை ஓயக் கிண்டி வறுப்போம். அது ஐந்து நிமிடம் வெள்ளையாகவே இருக்கும் மைதாவோடு ஒப்பிடக்கூடிய சூடு இல்லை.

மாவிளக்குக் கேள்வி நேர்மையான கேள்வி, அதைத் தட்டிக் கழிக்க எனக்கு மனமில்லை. ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் கலப்பது பச்சை மாவுதான். அன்றைக்கே இடித்து அன்றைக்கே சாப்பிடுவதால் கிருமி பெருக நேரம் குறைவு, அவ்வளவுதான் சொல்ல முடியும். என்னிடம் வரும் கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் பிரசாதமாக ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன், முடிந்தால் அதுவும் வேண்டாம் என்பேன். உங்கள் மகள் கேட்டது சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறார்.

இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். குக்கீ மாவின் ருசி வெண்ணெய், சர்க்கரை, உப்பு, வெனிலா இவற்றிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. மாவு அதற்கு உடல் கொடுக்கிறது. அந்த உடலை ஏற்கெனவே வெந்த பொருளால் கொடுத்துவிடலாம். மாரி பிஸ்கட் 200 கிராம் எடுத்து மிக்ஸியில் நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள். அறைச் சூட்டில் இளகிய உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், கண்டென்ஸ்டு மில்க் நான்கைந்து மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா சேர்த்துப் பிசையுங்கள். உதிர்ந்தால் இன்னும் ஒரு கரண்டி கண்டென்ஸ்டு மில்க். கடைசியில் ஒரு கைப்பிடி சாக்லேட் சிப்ஸ். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கரண்டியால் சுரண்டி எடுக்கும் பதம் வந்துவிடும். பிஸ்கட் ஓவனில் முழுதாக வெந்த பொருள் என்பதால் பச்சை மாவுக் கவலை இதில் இல்லை.

மைதா ருசியே வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால், அல்வா கிண்டிப் பழகிய உங்கள் கை உதவும். அடிகனமான பாத்திரத்தில் ஒரு கப் மைதாவை ஒரு கப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, வெண்ணெய் சேர்த்து அடுப்பில் வையுங்கள். கெட்டியாகி, எல்லாப் பக்கமும் கொப்பளித்து, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிண்டுங்கள். கொப்பளிக்க ஆரம்பித்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் கிண்ட வேண்டும். இறக்கி, சர்க்கரையும் வெனிலாவும் கலந்து, நன்றாக ஆறியபின் சாக்லேட் சிப்ஸ் போடுங்கள். இது ஈரத்தில் வெந்த மாவு. ருசி கொஞ்சம் அல்வாப் பக்கம் சாயும், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டில் எதைச் செய்தாலும் வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். பச்சை மாவு தொட்ட கரண்டி, பாத்திரம், மேடை எதையும் கழுவாமல் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

இதுவரை சாப்பிட்டதை நினைத்துப் பதற வேண்டாம். கடையில் வாங்கும் மாவில் பெரும்பாலானவை சுத்தமாகத்தான் இருக்கும். கடைசியாகச் சாப்பிட்ட நாளிலிருந்து பத்து நாள் கவனியுங்கள், போதும். சால்மோனெல்லா என்றால் பெரும்பாலும் மூன்று நாளுக்குள், சில சமயம் ஆறு நாள் வரையிலும், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தெரியும். அந்த வகை ஈ.கோலை மூன்று நான்கு நாள் கழித்து, சில சமயம் பத்து நாள் கழித்தும், கடுமையான வயிற்றுப் பிடிப்போடு ஆரம்பிக்கும். காய்ச்சல் அதிகம் இருக்காது. மலத்தில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பச்சை மாவு சாப்பிட்டாள் என்பதையும் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைட் போன்ற மாத்திரையோ, வீட்டில் மீந்து கிடக்கும் ஆன்டிபயாடிக்கோ கொடுக்கவே கூடாது, இந்தக் கிருமியில் அவை கெடுதலைக் கூட்டலாம். வழியில் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது பார்த்த மூன்று வயதுப் பையனை நான் இன்னும் மறக்கவில்லை. அவனுக்கு வந்தது மாவினால் அல்ல, சீதபேதிக் கிருமியால். ஆனால் அது விடும் நச்சும் இந்த ஈ.கோலை விடும் நச்சும் ஒரே குடும்பம். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, பிள்ளை தேறிவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் சிறுநீர் குறைந்தது, முகம் வெளுத்து வீங்கியது. டயாலிசிஸ் வரை போய்த்தான் பிழைத்தான். இந்தச் சிறுநீரகப் பாதிப்பு இந்த ஈ.கோலை தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வருகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் அதிகம். அதனால் பேத்திக்கு எப்போதாவது ரத்தபேதி வந்தால், அது நின்ற பிறகும் ஒரு வாரம் அவள் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறாள் என்று பாருங்கள். குறைந்தாலோ, வெளுத்துச் சோர்ந்து படுத்தாலோ தாமதிக்க வேண்டாம். ஏழு மாதக் கர்ப்பத்தில் உங்கள் மகளுக்கும் கடுமையான வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தால் உடனே பிரசவ மருத்துவரிடம் பேச வேண்டும். உடம்பில் நீர் வற்றுவது குழந்தையையும் பாதிக்கும்.

இன்னொரு சின்ன வேலை இருக்கிறது, அம்மா. மாவு வாங்கியதும் டப்பாவில் கொட்டிவிட்டுப் பாக்கெட்டைக் குப்பையில் போடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். பாக்கெட்டில் அச்சிட்ட தேதியும் எண்ணும் இருக்கும் பகுதியை வெட்டி, அந்த டப்பாவிலேயே ஒட்டி வையுங்கள். மாவில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஏதாவது ஒரு மாவைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தால், உங்கள் டப்பாவில் இருப்பது அதுதானா என்று அந்தத் துண்டுக் காகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.