'பிரைவேட்' பலகை இருந்தால் நடக்கக் கூடாதா?

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கோட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில், போர்ட்டன் ஆன் தி வாட்டருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காரை விட்டுவிட்டு, காசு கட்டி வாங்கிய ஒரு ஆப் காட்டிய வழியில் நடந்தோம். முதல் வயலிலேயே பாதை பயிருக்குள் மறைந்துவிட்டது. ஆயுசு முழுக்க விவசாயம் பார்த்த அப்பா, விளைந்து நிற்கிற பயிரை மிதிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். ஓரமாகச் சுற்றிப் போனோம். ஒரு கேட்டில் 'பிரைவேட், அத்துமீறினால் வழக்கு' என்று பலகை, பக்கத்து வயலில் 'காளை ஜாக்கிரதை' என்று இன்னொன்று. அதற்குள் ஒருவர் ஜீப்பில் வந்து திரும்பிப் போகச் சொன்னார், வந்துவிட்டோம். அங்கே நடக்க எங்களுக்கு உரிமை உண்டா இல்லையா? போலீஸ், கேஸ் என்று ஏதாவது வந்து பெற்றோரின் விசாவுக்குப் பிரச்சினை ஆகுமா?

பதில்: முதலில் அந்த விசா பயத்தை இறக்கி வையுங்கள். இங்கிலாந்தில் வழி தெரியாமல் அடுத்தவர் நிலத்தில் காலை வைப்பது கிரிமினல் குற்றம் இல்லை, அது சிவில் விவகாரம். நிலத்துக்காரர் வெளியே போகச் சொல்லலாம், நீங்கள் அருகிலிருக்கும் பொதுப்பாதைக்கோ ரோட்டுக்கோ போய்விட்டால் விஷயம் அதோடு முடிந்தது. இதற்காகப் போலீஸ் யாரையும் பிடித்துக்கொண்டு போகாது. ரயில் தண்டவாளம், ராணுவ இடம் மாதிரி சில இடங்களுக்குக் கணக்கு வேறு, நீங்கள் அங்கே போகவில்லை. 'அத்துமீறினால் வழக்கு' என்று பலகையில் எழுதியிருப்பது ஆளை மிரட்டி அனுப்புவதற்குத்தான். நூறு வருடமாக அதைப் பார்த்துப் பயந்து திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு இன்னமும் ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போது உரிமைக்கு வருவோம். இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது: நிலம் ஒருவருடையது, அதன் மேல் போகும் வழி எல்லோருடையது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். வயல் முழுக்க ஒரு குடும்பத்தின் சொந்தமாக இருக்கும், ஆனால் அதன் நடுவே போகும் பப்ளிக் ஃபுட்பாத், அதாவது பொது நடைபாதை, சட்டத்தின் கண்ணில் நெடுஞ்சாலைதான், எம் 4 மோட்டார்வேயைப் போல. அதில் நடக்க நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டாம், காசு கட்ட வேண்டாம், விசா என்ன வகை என்பதும் பொருட்டில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டருக்கு இருக்கின்றன. அதனால் கேட்டில் 'பிரைவேட்' என்று பார்த்தவுடன் திரும்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் 'இந்த நிலம் எங்களுடையது' என்று மட்டும்தான் சொல்கிறது. பொதுப்பாதையின் மேலேயே ஆட்களைத் திசைதிருப்பும்படி பொய்யான பலகை வைத்தால், வைத்தவர் செய்ததுதான் குற்றம். 1949-ஆம் வருடச் சட்டத்திலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல். நீங்கள் பயிரைத் தவிர்க்க ஓரமாகச் சுற்றினீர்கள், அப்போதே பாதையின் கோட்டை விட்டு விலகிவிட்டீர்கள். அப்புறம் வந்த கேட், பாதை போகும் கேட்தானா என்று எனக்குச் சந்தேகம். அது வேறு கேட்டாக இருந்தால் அந்தப் பலகையும் சரி, ஜீப்பில் வந்தவர் சொன்னதும் சரி. பாதைக்கான கேட் வயலின் எதிர்ப் பக்கத்தில், பயிருக்கு நேர் அந்தப் பக்கம், வேலியில் ஒரு சின்ன மஞ்சள் அம்புக்குறியோடு உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும். மஞ்சள் என்றால் நடக்க மட்டும். நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. நடப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இது ஏன் உங்களுக்குத் தெரியாமல் போனது? ஆப்பை நம்பியதால். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன், கேட்பவர்கள் குறைவு. இந்த மாதிரி ஆப்கள் பலவற்றில் வழியைப் போடுவது சட்டம் தெரிந்த ஆள் இல்லை. யாரோ ஒருவர் ஃபோனைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடந்திருப்பார், அவர் போன தடம்தான் உங்களுக்கு வழி. அவர் வழி தவறிப் போயிருந்தாலும், ஒருவர் வீட்டுக் கொல்லை வழியாகப் போயிருந்தாலும், அது அழகான ஆரஞ்சுக் கோடாக, நட்சத்திரம் நாலரை என்று உங்கள் கைக்கு வந்துவிடும். நிலத்துக்காரர் நல்ல மனதோடு தன் நிலத்தில் விட்டு வைத்திருக்கும் 'பர்மிசிவ் பாத்' என்றொரு வகை உண்டு, அதை அவர் நினைத்தால் மூடிவிடலாம். போன வருடம் திறந்திருந்தது இந்த வருடம் மூடியிருக்கும். ஆப்புக்கு அதெல்லாம் தெரியாது. இதற்கு வருடச் சந்தா வேறு.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. கோட்ஸ்வோல்ட்ஸுக்கு நம் ஆட்களை வாரக் கடைசியில் வேனில் கூட்டிப்போகும் சிலரை எனக்குத் தெரியும். வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஆள் சேர்ப்பார்கள். போர்ட்டனிலிருந்து பக்கத்துக் கிராமமான லோயர் ஸ்லாட்டருக்கு ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடுதலான பாதை, யார் வேண்டுமானாலும் சும்மா நடக்கலாம். அந்த நடைக்கு ஒருவர் தலைக்குப் பத்து பவுண்ட் 'ஃபார்ம் பெர்மிட்' என்று வாங்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன், கேட்டதற்கு நிலத்துக்காரருக்குக் கொடுக்கிறோம் என்றார். அப்படி ஒரு பெர்மிட் இந்த நாட்டில் கிடையாது. வேனுக்குக் கட்டணம் வாங்கட்டும், சாப்பாட்டுக்கு வாங்கட்டும், பொதுப்பாதையில் கால் வைக்க யாராவது காசு கேட்டால் ஒரு பென்னி கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு வந்த பெரியவர்களின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது, ரசீது கூட வாங்கவில்லை.

சரி, எதை நம்புவது? இரண்டே இரண்டு. ஒன்று, கவுன்டி கவுன்சில், அதாவது நம் ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரியான அமைப்பு, வைத்திருக்கும் 'டெஃபினிடிவ் மேப்' என்ற சட்டபூர்வ வரைபடம். அதில் ஒரு பாதை இருந்தால் அது பொதுப்பாதை, பேச்சே இல்லை. பெரும்பாலான கவுன்சில்கள் அதை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. பாரிஷ், அதாவது ஊர், வாரியாக ஒவ்வொரு பாதைக்கும் எண் இருக்கும், அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடம், ஆரஞ்சு அட்டை போட்டது. நீங்கள் நடந்த பகுதிக்கு ஓஎல்45 என்ற எண் போட்டது. பக்கத்து நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. அதில் பச்சைச் சிறு கோடுகள் விட்டு விட்டுப் போகும், அதுதான் ஃபுட்பாத். பச்சையிலேயே நீளக் கோடுகள் விட்டு விட்டுப் போனால் அது பிரைடில்வே, நீல அம்பு போட்ட குதிரைப் பாதை. கறுப்பில் விட்டு விட்டுப் போகும் கோட்டையும் பார்ப்பீர்கள், பலர் ஏமாறுவது அங்கேதான். கறுப்புக் கோடு தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது, நடக்க உரிமை இருப்பதாகச் சொல்லவில்லை. பச்சையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கறுப்பை விட்டுவிடுங்கள்.

அடுத்து அப்பா நின்ற அந்த வயல். ஜூன் மாதத்தில் ஆள் தோள் உயரம், காய் பிடித்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றிருந்தால் அது ஆயில்சீட் ரேப், நம் கடுகுக்குச் சொந்தக்காரச் செடி. அப்பா பார்த்தவுடனே கடுகு என்று சொல்லியிருப்பார். மழை பெய்த மறுநாள் அதற்குள் நுழைந்தால் தோள் வரை நனைந்து, சட்டை முழுக்கப் பூச்சியோடு வெளியே வருவீர்கள். அப்பாவின் மனசு எனக்குப் புரிகிறது, மண்ணில் வேலை செய்தவருக்கு அது கூசத்தான் செய்யும். ஆனால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தக் கோட்டில் பயிர் இருந்திருக்கவே கூடாது. வயலின் குறுக்கே போகும் ஃபுட்பாத்தை உழுதால், விதைப்புக்காக மண்ணைக் கிளறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் விவசாயி அதை நடக்கும்படி சமப்படுத்தித் தர வேண்டும். பயிர் வளர்ந்த பிறகும் குறைந்தது ஒரு மீட்டர் அகலம் திறந்திருக்க வேண்டும். நல்ல விவசாயிகள் முளை விட்டதுமே டிராக்டரில் ஒரு ஓட்டு ஓட்டிவிடுவார்கள், பச்சை வயலில் வகிடு எடுத்த மாதிரி நேராகத் தெரியும். அதைச் செய்யாமல் விட்டால் பாதைக் கோட்டில் பயிரை விலக்கிக்கொண்டு போக உங்களுக்கு முழு உரிமை உண்டு, மிதிபட்டால் அது உங்கள் தப்பு இல்லை. ஒருவர் பின் ஒருவராகப் போங்கள், அவ்வளவுதான். ஓரமாகச் சுற்றுவது மரியாதையாகத் தோன்றும், ஆனால் பாருங்கள், மரியாதையாகச் சுற்றியதால்தான் நீங்கள் தப்பான கேட்டில் போய் நின்றீர்கள்.

காளை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், அம்மாமார்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான், சட்டமும் அதற்குத் தகுந்த குழப்பம். 1981-ஆம் வருடச் சட்டப்படி, பொதுப்பாதை போகும் வயலில் காளையை விடக் கூடாது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. பத்து மாதத்துக்குக் கீழே இருந்தால் விடலாம். பத்து மாதத்துக்கு மேலே இருந்தாலும், அது பால்மாட்டு இனமாக இல்லாமல், கூடவே பசுக்களோ கிடேரிகளோ இருந்தால் விடலாம். பால்மாட்டு இனம் என்றால் சட்டம் ஏழைச் சொல்கிறது: அயர்ஷயர், பிரிட்டிஷ் ஃப்ரீசியன், பிரிட்டிஷ் ஹோல்ஸ்டீன், டெய்ரி ஷார்ட்ஹார்ன், கெர்ன்சி, ஜெர்சி, கெர்ரி. இதில் எது நின்றாலும், பசுக்களோடு நின்றாலும், பாதை போகும் வயலில் கூடாது. ஹெரஃபோர்ட் மாதிரி இறைச்சிக்கான இனம், அதுவும் பசுக்களோடு நின்றால், சரி. அதே ஹெரஃபோர்ட் தனியாக நின்றால் தப்பு. அதாவது கேட்டில் நிற்கும் நீங்கள் காளையின் இனம், வயது, துணைக்கு யார் என்று மூன்றையும் கணக்குப் பார்க்க வேண்டும். பசு வளர்த்த அப்பாவாலேயே தூரத்திலிருந்து பத்து மாதமா பதினொரு மாதமா என்று சொல்ல முடியாது, நகரத்திலிருந்து வருபவர் எப்படிச் சொல்வார்? இதை எழுதியவர்கள் ஒரு நாளாவது வயல் கேட்டில் நின்று பார்த்திருக்க வேண்டும். காளையே இல்லாத வயலில் பலகையை மட்டும் மாட்டி வைப்பதும் நடக்கிறது, அதுவும் நான் முதலில் சொன்ன பொய்ப் பலகை வகைதான். ஆனால் அம்மாவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள், காளையைவிட கன்றோடு நிற்கும் பசுதான் ஆபத்து. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது, ஓடக் கூடாது, தள்ளி நிதானமாகக் கடக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் அந்த வயலை மட்டும் சுற்றிப் போங்கள், இந்த ஒரு விஷயத்தில் உரிமை பார்க்க வேண்டாம்.

இனி புகார். மறைந்த பாதையைப் பற்றிக் கவுன்டி கவுன்சிலின் 'ரைட்ஸ் ஆஃப் வே' பிரிவுக்கு எழுதுங்கள். பாதை எண், இடத்தைக் காட்டும், எஸ்பி என்று தொடங்கும் வரைபடக் குறியீடு, தேதி, இரண்டு ஃபோட்டோ, இவ்வளவு போதும். உடனே ஒரு தானியங்கி மின்னஞ்சல் வரும், எண் ஒன்று கொடுப்பார்கள், அதற்குப் பிறகு பல இடங்களில் அமைதிதான். ஒரு கவுன்டியில் நான் பாதை பார்க்கும் தன்னார்வலனாகப் பல வருடம் இருந்திருக்கிறேன். ஒரே ஒரு பூட்டிய கேட்டைப் பற்றி மூன்று வசந்தம் எழுதினேன், மூன்று எண் கிடைத்தது, பூட்டு அப்படியே இருந்தது. ஆட்கள் குறைவு, பணம் இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் பாதையைத் திறந்து வைப்பது கவுன்சிலின் விருப்பம் இல்லை, 1980 நெடுஞ்சாலைச் சட்டம் சுமத்திய கடமை. ரோட்டின் நடுவில் யாராவது வேலி போட்டால் மூன்று வசந்தம் விட்டு வைப்பார்களா? பூட்டு, வேலி மாதிரி தடைகளுக்கு அந்தச் சட்டத்தின் 130ஏ பிரிவில் ஒரு நோட்டீஸ் உண்டு, அதைக் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் என்ன செய்யப்போகிறோம் என்று கவுன்சில் எழுத்தில் சொல்லியாக வேண்டும். நான் கடைசியில் அதைத்தான் கொடுத்தேன், பூட்டு போனது. ஜீப்பில் வருபவரிடம் மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள், வரைபடத்தைக் காட்டி மெதுவாகச் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றால் திரும்பி வந்து எழுதுங்கள்.

அடுத்த ஞாயிறு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போர்ட்டனிலிருந்து லோயர் ஸ்லாட்டர் வழியாக அப்பர் ஸ்லாட்டர் வரை போங்கள். வார்டன்ஸ் வே என்ற நெடும்பாதையின் ஒரு துண்டு அது, ஊர் ஊராகப் போகும், ஆட்கள் எப்போதும் நடந்துகொண்டிருப்பார்கள், வழி தவறாது. அதே போர்ட்டனிலிருந்து வின்ச்கம்புக்குப் போகும் வின்ட்ரஷ் வே மேட்டு வழி, ஊர்களைத் தொடாது, பெரியவர்களுக்கு வேண்டாம். 'ஸ்லாட்டர்' என்ற பெயரைப் பார்த்து அம்மா பயப்பட வேண்டாம், பழைய ஆங்கிலத்தில் அது சேற்று நிலம். பெயர் இன்றைக்கும் பொருந்தும், அதனால் செருப்பில் போகாமல் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு உலகப் போருக்கும் ஆள் அனுப்பி, போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பிய மிகச் சில ஊர்களில் அப்பர் ஸ்லாட்டரும் ஒன்று, அப்பாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் விட்டுவந்த அந்த வயலுக்கும் அவரை இன்னொரு முறை கூட்டிப் போங்கள். ஜூலை கடைசி, ஆகஸ்ட் வாக்கில் அந்தப் பயிர் அறுவடை ஆகிவிடும், விசா அதுவரை இருந்தால் போய்வாருங்கள். அப்போது அங்கே அரிதாள்தான் நிற்கும், எதிர்ப் பக்கத்து மஞ்சள் அம்பும் இந்தக் கரையிலிருந்தே தெரியும், அவர் கூசாமல் நேராக நடக்கலாம்.