கர்ப்பத்துக்கு முன் ரூபெல்லா ஊசி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. அடுத்த வருஷம் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றிருக்கிறோம். சின்ன வயதில் எனக்கு அம்மை வந்ததாக அம்மா சொல்கிறார். ரூபெல்லா ஊசி இன்னும் தேவையா?

பதில்: தேவைதான்மா. அம்மா சொல்வது எந்த அம்மை என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது. தட்டம்மை, சின்னம்மை, ரூபெல்லா எல்லாமே வேறு வேறு வைரஸ், ஒன்று வந்துபோனால் இன்னொன்று வராது என்று கிடையாது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில்தான் பள்ளி பள்ளியாகப் போய் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள், அதுவும் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும், நீங்கள் அதற்குள் வயது தாண்டிவிட்டீர்கள். தனியார் டாக்டரிடம் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) போட்ட அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் ரத்தத்தில் ரூபெல்லா ஐஜிஜி, அதாவது அந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று, பார்க்கலாம், பார்க்காமல் நேராக ஊசியே போட்டுக்கொண்டாலும் கெடுதல் இல்லை. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போடுங்கள், அப்புறம் ஒரு மாதத்துக்குக் குழந்தை முயற்சியைத் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: லேசான காய்ச்சல்தானே, ஏன் இவ்வளவு பயம்?

பதில்: உங்களுக்கு லேசுதான். இரண்டு மூன்று நாள் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டும், சிலருக்கு அதுகூடத் தெரியாது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அப்படியில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் தாய்க்கு வந்தால் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு எல்லாம் சேர்ந்தே வரலாம், கருவிலேயே கலைந்தும் போகலாம். 1941இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரை விசாரித்துத்தான் இந்தத் தொடர்பையே கண்டுபிடித்தார். வந்தபின் கருவைக் காப்பாற்ற மருந்து கிடையாது, அதனால்தான் முன்கூட்டியே போடச் சொல்கிறேன்.

கேள்வி: ஊசி போட்டு இரண்டு வாரத்தில் கர்ப்பம் என்று தெரிந்தது. கலைத்துவிடு என்கிறார்கள் அக்கா, இரவெல்லாம் தூக்கமில்லை.

பதில்: கலைக்காதீர்கள் தங்கச்சி. ஊசியில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரஸ், அதனால் ஒரு முன்னெச்சரிக்கையாகத்தான் அந்த ஒரு மாத இடைவெளி சொல்கிறோம். உங்களைப் போலத் தெரியாமல் போட்டுக்கொண்ட பெண்களைப் பல நாடுகளில் பிரசவம் வரை கவனித்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அந்த ரூபெல்லா பாதிப்பு வரவில்லை. இதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை என்பதுதான் மருத்துவ அறிவுரையும். ஊசி போட்ட தேதியை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், வழக்கமான ஸ்கேன்களை விடாதீர்கள்.

கேள்வி: மனைவிக்கு இப்போது இரண்டு மாதம். மூத்த பையனுக்கு ஊசி போட்டால் அவளுக்குத் தொற்றுமா?

பதில்: தொற்றாது தம்பி, தாராளமாகப் போடுங்கள். அவன் வெளியிலிருந்து நோயைக் கொண்டுவராமல் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: ஐந்தாம் மாதம். ஐஜிஜி நெகட்டிவ். இப்போதே போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். காய்ச்சலும் தடிப்புமாக இருப்பவர்கள் பக்கம் போகாதீர்கள், பிரசவம் ஆனதும் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.