தண்ணீர் ஊற்றுபவருக்குப் பறிக்க உரிமை இல்லையா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் வெண்டை, கத்தரி, பீன்ஸ், வெள்ளரி போட்டிருக்கிறோம். அவற்றை எளிமையாகச் சமைத்து வைத்தால் கணவரும் மகனும் தட்டோரம் ஒதுக்குகிறார்கள். வெண்டை நாராக இருக்கிறது, கத்தரி முழுக்க விதை, இப்போது வெள்ளரியும் கசக்கிறது. நான் வேலைக்குப் போவதால் ஞாயிறுதோறும் மொத்தமாகப் பறித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். தண்ணீர் ஊற்றுவது மாமியார். பிஞ்சிலேயே பறித்துவிடுவார் என்பதால் காயில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சென்ற மாதம் பத்து நாள் அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். என்ன மசாலா சேர்த்தால் சுவை வரும்?

பதில்: எந்த மசாலாவும் வெண்டை நாரைக் கரைக்காது. ‘பிஞ்சிலேயே பறித்துவிடுவார்’ என்று குறைபோல எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சமையலுக்கு வேண்டியதே அந்தப் பிஞ்சுதான். வெண்டை பூத்து நான்கிலிருந்து ஆறு நாளில் பறிக்கும் பதம் வந்துவிடும். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. திங்களன்று பதமாக இருந்த காயை ஞாயிறு வரை விட்டால் விறகுதான். அதோடு, காய் முற்ற முற்றச் செடியின் சத்து விதைக்குப் போய்ப் புதுக் காய் பிடிப்பதும் குறையும்.

கத்தரியைத் தோல் பளபளக்கும்போதே எடுக்க வேண்டும். மங்கினால் உள்ளே விதை முற்றிவிட்டது என்று அர்த்தம். பீன்ஸில் விதை புடைத்துத் தெரியக் கூடாது. இதையெல்லாம் தினமும் செடியருகே நிற்பவர்தான் பார்க்க முடியும்.

வெள்ளரி ஏன் கசக்கிறது? அந்தப் பத்து நாள் தண்ணீர் ஊற்றியது யார்? கொடி வெயிலில் வாடினால் காயில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் கூடும். காம்புப் பக்கம் இரண்டு விரற்கடை வெட்டிவிட்டு, தோலைச் சீவி, சின்னத் துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். அப்போதும் கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். கடுங்கசப்பு வயிற்றைக் கெடுக்கும்.

வயதானவரைத் தோட்ட வேலைக்கு ஆளாக வைத்திருக்கிறீர்கள். கூலிக்கு வருபவர்கூட நாலு காய் பறித்துக்கொண்டு போவார். இவருக்கு அதுவும் இல்லை. உங்கள் கணவரையும் விடுவதாக இல்லை. தட்டைத் தள்ளத் தெரிந்தவருக்கு, தாய் ஊரில் இல்லாத பத்து நாள் ஒரு வாளித் தண்ணீர் தூக்கத் தெரியாதா? பெற்றவள் வளர்த்த காயை ஒதுக்கும் அப்பாவைப் பார்த்துத்தான் மகனும் ஒதுக்குகிறான்.

ஃபிரிட்ஜ் விஷயம்: வெண்டை, கத்தரி, வெள்ளரி மூன்றுக்கும் கடுங்குளிர் ஆகாது. 4 டிகிரியில் சில நாள் கிடந்தால் தோலில் குழி விழும், கத்தரி விதை பழுப்பு நிறமாகும், வெள்ளரி குழையும். அன்றன்று பறித்து அன்றே சமையுங்கள்.

சமையல் இவ்வளவுதான். வெண்டையை முழுசாகக் கழுவி, துணியால் துடைத்து, ஈரம் போன பிறகு நறுக்குங்கள். அகலமான வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய், நல்ல சூடு, ஒரே அடுக்காகக் காய். மூடி போட்டாலும் தண்ணீர் தெளித்தாலும் கொழகொழத்துவிடும். பத்து நிமிடம் வதக்கி, இறக்கும்போது உப்புப் போடுங்கள். பீன்ஸைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில், திறந்த பாத்திரத்தில், ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு வடியுங்கள். மூடி வைத்தாலும் முதலிலேயே புளிப்பு சேர்த்தாலும் பச்சை நிறம் மங்கிவிடும். பிஞ்சுக் கத்தரிக்கு எண்ணெயும் உப்பும் போதும்.

செடியில் இப்போது முற்றி நிற்கும் காய்களை இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். பிறகு கத்தரிக்கோலை மாமியாரிடம் கொடுத்து, “இன்றைக்கு எதைப் பறிக்கலாம் அத்தை?” என்று கேளுங்கள். கணவர் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். வேண்டாம் என்று நேரில் சொன்னது நீங்கள்தானே.