புக்கம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், அதுவும் நின்றுபோயிற்று. இப்போது கடைத்தெரு, மருந்துக்கடை, வீடு. கதை எழுத ஆசை. பின்ட்ரஸ்ட்டில் பழைய வீடு, மழை, ஜன்னல் என்று ஆயிரத்து எண்ணூறு படம் சேர்த்திருக்கிறேன். யூடியூபில் எழுத்தாளர்கள் பேசுவதைக் கேட்கும்போது இன்றைக்கே எழுதிவிடலாம் போலிருக்கிறது. நோட்டைத் திறந்தால் ஒரு வரி வருவதில்லை. வீட்டோடு கிடப்பவள் எதைப் பார்த்து எழுதுவது? நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள்?

ஒரு வாசகி, மோல்மீன், பர்மா

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். பதில் தாமதம்தான். ரங்கூனில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரும் நேரமும் நான் விழித்திருக்கும் நேரமும் ஒத்துப்போவதில்லை.

ஆயிரத்து எண்ணூறு படம் என்றதும் சிரித்துவிட்டேன். என்னிடமும் அப்படி ஒரு குவியல் இருந்தது. செட்டிநாட்டு வீடுகள். என் தாத்தா மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் சமையலுக்கு இருந்தவர். அந்த உரிமையில், காரைக்குடிப் பக்கமே போகாத நான் படங்களை வைத்துக்கொண்டு ஒரு கதை எழுதினேன். தேக்குத் தூண், அது நம் காட்டு மரம்தானே, பிறகு ஆத்தங்குடிக் கல், முற்றத்தில் மழை என்று ஒன்றையும் விடவில்லை. கதையில் மருமகள் முகப்புச் சுவரில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டுவாள். தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதினார்: “தம்பி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் அது. எங்கள் வீட்டில் அதில் ஆணி அடித்தவளை மாமியார் இருக்க விட்டிருப்பாளா?” படத்தில் சுவரின் பளபளப்பு தெரிந்தது, மாமியார் தெரியவில்லை. குவியலை அன்றைக்கே அழித்துவிட்டேன். நீங்கள் அழிக்க வேண்டாம், கொஞ்ச நாள் திறக்காமல் இருங்கள்.

அழகாக இருக்கிறது என்று எடுத்து வைத்த படம் அழகாக இருந்துவிட்டு அப்படியே போய்விடும். எனக்கு எழுத வந்ததெல்லாம் ஏதோ ஓர் அற்பச் சந்தேகத்தோடு இணையத்துக்குள் போன நாட்களில்தான். ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

பர்மாவின் பழைய தலைநகரான பகானுக்குப் பழைய தமிழில் என்ன பேர் என்று ஒருநாள் தோன்றியது. நம் ஆட்கள் கப்பலேறி வந்த ஊர், ஏதாவது சொல்லித்தானே கூப்பிட்டிருப்பார்கள். பகானுக்குத் தெற்கே மைன்பகானில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது என்று எங்கோ படித்த ஞாபகம். அதை ஹூல்ச் என்ற ஜெர்மானியர் ‘எபிகிராபியா இண்டிகா’ என்ற கல்வெட்டு இதழின் ஏழாம் தொகுதியில் பதிப்பித்திருக்கிறார். 1902-03க்கான தொகுதி. இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கிறது. ராத்திரி ஒரு மணிக்குமேல் லைன் கொஞ்சம் ஓடும். பதிவிறக்கப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் கோப்பு வந்திருந்தது, கரண்ட் போயிருந்தது.

இதில் ஒரு விஷயம். ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தில் தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. இயந்திரம் நம் எழுத்தை வாசிக்கிற லட்சணம் அப்படி. பக்கம் பக்கமாகத் தள்ளித்தான் போக வேண்டும். சலிப்புதான், ஆனால் வழியில் கண்ணில் படுவதெல்லாம் லாபம்.

ஒருவழியாகக் கல்வெட்டு கிடைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு எழுத்து. மேலே முகுந்தமாலை என்ற பெருமாள் துதியிலிருந்து ஒரு சமஸ்கிருத சுலோகம், கீழே தமிழ். மலைமண்டலத்து மகோதையார்பட்டணத்துக்காரர், குலசேகர நம்பி என்று பேர். அதாவது இன்றைய கேரளக் கரை. அங்கிருந்து வந்தவர் இங்கே நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, எரிவதற்கு ஒரு நிலைவிளக்கும் வைத்திருக்கிறார். அவ்வளவுதான் செய்தி. ஊர்ப்பேர் இருந்த இடத்தில் என் கண் நின்றுவிட்டது. புக்கம்.

புக்கம் என்றதும் எனக்குப் புக்ககம்தான் காதில் விழுந்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் முழுவதும் இருக்கிறது, அதில் போய்ப் பார்த்தேன். கணவன் வீடு. புகுந்த வீடு. (மொழியியல் படித்தவர்கள் கம்பை எடுக்க வேண்டாம். புக்கம் பர்மியப் பேரின் ஒலி, புக்ககத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எனக்கும் தெரியும்.) ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான். என் பாட்டி பதினாறு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள். கடைசிவரை “நம்மூரு” என்றால் கடலுக்கு அந்தப் பக்கம், “இங்கே” என்றால் ரங்கூன். இந்த ஊரின் பேரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை, புருஷன் பேரைச் சொல்லாத மாதிரி. இத்தனை வருடம் என் கண்முன் இருந்தது, ஒரு கல்வெட்டின் ஊர்ப்பேரைப் பார்த்த பிறகுதான் தட்டியது. அன்று சாயங்காலம் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு நாலு பக்கம் எழுதினேன். போன வருடம் நீங்கள் படித்துவிட்டு எழுதினீர்களே, பேர் சொல்லாத பாட்டி கதை, அது இதுதான். கல்வெட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட வராது.

நீங்கள் கேட்ட தளங்களில் பாதி மேலே வந்துவிட்டன. பழந்தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம், 1998லிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றுகிறார்கள். கோப்பு சின்னது, நம் லைனுக்கு ஏற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகத்தில் பழைய பத்திரிகைகள் உண்டு. இறக்கி வைத்துக்கொண்டு டேட்டாவை அணைத்துவிடுங்கள். எழுத்தாளர்கள் பேசும் காணொளிகள் வேண்டவே வேண்டாம், நான் பேசியது உட்பட. எழுதி முடித்த திருப்தியை எழுதாமலே கொடுத்துவிடும் அது.

இனி உங்களுக்கென்று ஒன்று. ஃபிலிப் கிளியர் என்ற ஜெர்மன் புகைப்படக்காரர் முதலில் உங்கள் மோல்மீனில்தான் தொழில் செய்தார், ரங்கூனுக்கு வந்தது பிறகு. 1890களில் அவர் எடுத்த பர்மாப் படங்கள் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, விக்கிமீடியா காமன்ஸிலும் பார்க்கலாம். ஒன்றே ஒன்றை இறக்குங்கள். ஆற்றங்கரையோ மரக்கிடங்கோ, உங்களுக்கு இடம் பிடிபடாததாக இருக்கட்டும். அழகானது வேண்டாம். பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். நடுவில் இருப்பது அவர் காட்ட நினைத்தது, ஓரத்தில் நிற்கும் ஆள் தானாக வந்து மாட்டியவன்.

பிறகு அதை அப்பாவிடம் காட்டி, இது எந்த இடம் என்று கேளுங்கள். பேச்சு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கையால் காட்டினாலும் போதும். தப்பான இடத்தைச் சொன்னால் திருத்தாதீர்கள், ஏன் அந்த இடம் என்று மட்டும் கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே, நடுவில் பர்மியச் சொல் வந்தால் அதையும் விடாமல், நோட்டில் எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். தட்டச்சு செய்ய வேண்டாம். எனக்கு இந்த வாரம் கரண்ட் விடியற்காலையில்தான், வந்ததும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்