மார்ஃபின் கொடுத்தால் பாவமா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. கணையத்தில் புற்றுநோய். இனி சிகிச்சை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலிக்கு மார்ஃபின் ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். "அது ஆயுளைக் குறைக்கும், கருணைக்கொலைக்குச் சமம், நாம் கத்தோலிக்கர்கள்" என்று அண்ணன் தடுக்கிறார். தத்துவம் படிக்கும் என் மகனோ, "எப்படியும் போகப்போகிறவர், ஒரே ஊசியில் முடித்துவிட்டால் என்ன, இரண்டும் ஒன்றுதானே" என்கிறான். யார் சொல்வது சரி? - பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: சகோதரி, முதலில் மார்ஃபினை ஆரம்பிக்கச் சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

உங்கள் அண்ணன் திருச்சபையைவிடக் கண்டிப்பாக இருக்கிறார். 1957 பிப்ரவரியில் மயக்க மருந்து நிபுணர்கள் இதே கேள்வியைத் திருத்தந்தை 12-ம் பயஸிடம் கேட்டார்கள். வலியைக் குறைக்க வேறு வழி இல்லையென்றால், நோயாளி செய்ய வேண்டிய மற்றக் கடமைகளுக்கும் அது தடையாக இல்லையென்றால், ஆயுள் குறையக்கூடும் என்றாலும் கொடுக்கலாம் என்றார் அவர். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2279-ம் எண்ணும் அதையேதான் சொல்கிறது: சாவு நம் நோக்கமாகவோ, வலியைத் தீர்க்கும் வழியாகவோ இருக்கக்கூடாது. இத்தனைக்கும், குறைந்த அளவில் தொடங்கி வலியைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டினால் மார்ஃபின் பொதுவாக ஆயுளைக் குறைப்பதே இல்லை.

இதன் வேர் 13-ம் நூற்றாண்டில், இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸிடம் இருக்கிறது. தன்னைக் கொல்ல வந்தவனை ஒருவன் தற்காப்புக்காக அடிக்கிறான், அவன் செத்துப்போகிறான், இது கொலையா? ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், ஒன்றுதான் நோக்கம், மற்றது நோக்கத்துக்கு வெளியே நடப்பது என்கிறார் அவர். ஆனால் கூடவே ஒரு பிடியும் வைக்கிறார்: தேவைக்கு மிஞ்சி அடித்தால் அது தப்பு.

உங்கள் மகன் பேசுவது ஆங்கிலத் தத்துவவாதிகள் பெந்தாம், மில் வழி வந்த பயன்வாதம். முடிவில் என்ன கிடைத்தது என்று மட்டும் பார்க்கிற கணக்கு. அந்தக் கணக்கில் இரண்டு ஊசிகளும் ஒன்றுதான், 'நோக்கம்' என்பது மனசாட்சிக்குப் பூசும் களிம்பு. நான் அப்படி நினைக்கவில்லை. மருந்தின் அளவைப் பாருங்கள், நோக்கம் அதில் தெரிந்துவிடும். வலி அடங்க வேண்டும் என்று கொடுப்பவர் வலி அடங்கியதும் அந்த அளவுக்கு மேல் கூட்டமாட்டார், மறுநாள் காலையில் அப்பா கண் விழித்தால் சந்தோஷப்படுவார். சாக வேண்டும் என்று கொடுப்பவருக்கோ அப்பா கண் விழித்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பலன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சில செயல்களைச் செய்யவே கூடாது என்று 1993-ல் ஒரு சுற்றுமடலில் அழுத்திச் சொன்னார் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். இதைக் கேட்டால் உங்கள் மகன் "இது காண்ட் ஆச்சே" என்பான், கடமையே அறத்தின் அடிப்படை என்ற ஜெர்மன் தத்துவவாதியைத்தான் சொல்கிறான். கொஞ்சம் ஒத்துப்போகும்தான், ஆனால் அக்குவினாஸ் நிற்பது கிரேக்கத் தத்துவவாதி அரிஸ்டாட்டில் தோளில். கடமையைவிட, மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான், எப்படிப்பட்டவனாக ஆகிறான் என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி.

அண்ணன் அடுத்து ஒன்று சொல்வார் பாருங்கள்: "சிலுவையில் இயேசுவே, வலி மரத்துப்போகக் கொடுத்த வெள்ளைப்போளம் கலந்த திராட்சை ரசத்தை வாங்கவில்லையே!" மாற்கு நற்செய்தியில் இருப்பதுதான். வலியைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து மருந்தைக் குறைத்துக்கொள்ள ஒருவர் தானாக விரும்பலாம், அது உயர்ந்தது என்றுகூடத் திருச்சபை சொல்கிறது, ஆனால் அதை எல்லோருக்கும் பொது விதியாக்குவது விவேகமல்ல என்று 1980-ல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. அப்பாவின் வலியை ஒப்புக்கொடுக்க அண்ணன் யார்? கட்டிலில் கிடப்பவரிடம் யாராவது கேட்டீர்களா?

இன்றே கேளுங்கள். மருந்தின் அளவு கூடும்போது அரைத் தூக்கத்தில் இருக்கக்கூடும், அதனால் பங்குத்தந்தையை இந்த வாரமே கூப்பிட்டு ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), நற்கருணை, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்; யாரிடமாவது பேச வேண்டியது பாக்கி இருந்தால் அதையும். பயஸ் சொன்ன 'கடமை' இதுதான். அப்புறம், மார்ஃபினோடு மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதியிருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள், இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.